கறுப்பு வெள்ளைக்குள் இருக்கும் கேதீச்சரம்

இன்று இலங்கையின் மன்னாரிலுள்ள திருக்கேதீஸ்வரம் போகிறவர் காண்பது புதிய கருங்கற் கோயில். இந்திய அரசின் உதவியுடன் எழுந்த அது 2022 யூலை 6ஆம் திகதி கும்பாபிஷேகம் கண்டது. அதற்கு முன் அதே இடத்தில் வேறொரு கோயில் நின்றது. 1948இல் தொடங்கிய திருப்பணிச் சபை, சேர் கந்தையா வைத்தியநாதன் முதலானோரின் உழைப்பில் கட்டியெழுப்பி, 1976இல் கும்பாபிஷேகம் செய்த கோயில் அது. அதற்கும் முன்னே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் பூசை தொடங்கிய சிறு கோயில். அதற்கும் முன்னே வெறும் காடு. போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கல்லைக் கொண்டுபோய் மன்னார்க் கோட்டை கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1872இல் ஆறுமுக நாவலர் சைவ மக்களை நோக்கி எழுப்பிய குரல் அந்தக் காட்டுக்குள் மறைந்து கிடந்த தலத்துக்காகத்தான்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் ஒன்று. அதன் மேல் எழுந்து மறைந்த கட்டடங்கள் பல. நடுவில் இருந்த கட்டடங்களை இனிக் காண்பதென்றால் படங்களில்தான் காணவேண்டும். அந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. 1976இல்கூட இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. வண்ணச் சுருள் எல்லோர் கைக்கும் எட்டும் பொருளாக இருக்கவில்லை. பிறகு 1990இல் போர் மீண்டும் மூண்டு ஊர் வெறிச்சோடியது. கோயில் வளாகம் படையினர் வசமானது. மன்னாரிலிருந்து மக்கள் தமிழ்நாட்டுக்கும் வன்னிக்கும் புத்தளத்துக்கும் ஓடியபோது ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சிலர்தான். மிஞ்சிய படங்கள் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் அலுமாரித் தட்டுகளில் கிடக்கின்றன. அவை இப்போது ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம்பிடிக்கப்பட்டு வட்ஸ்அப்பில் வலம் வரத் தொடங்கியிருக்கின்றன.

அப்படி வருகிற படங்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியோடு கவலையும் வருகிறது. யாரோ கறுப்பைக் கடுங்கறுப்பாக்கி, வெள்ளையைச் சுண்ணாம்பாக்கி விட்டிருக்கிறார். இன்னொருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வண்ணம் பூசியிருக்கிறார். எந்த ஆண்டு, யார் எடுத்தது, தூணருகே நிற்பவர் யார் என்ற விவரம் ஒன்றுமில்லை. இந்தப் படங்கள் ஒரு தலத்தின் சாட்சியங்கள். சாட்சியத்தை எப்படித் திருத்தலாம், எப்படி அடுக்கலாம் என்பதற்கு அறிவியல் தெளிவான விடை வைத்திருக்கிறது.

கோயில் மதிலிலிருந்தே தொடங்கலாம். செங்காவியும் வெள்ளையும் மாறிமாறி ஓடும் பட்டைகளை எல்லோரும் அறிவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் செங்காவி எந்தச் சாம்பலாக விழும்? படத்தை எடுத்த பிலிம் எது என்பதைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தட்டுகளில் பூசப்பட்ட வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் புறஊதாக் கதிருக்கும் மட்டுமே இணங்கின. அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. நீல வானமும் வெண்முகிலும் ஒன்றாகவே பதிந்தன. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹேர்மன் ஃபோகல், பூச்சில் சாயம் கலந்தால் பச்சை ஒளியும் பதியும் என்று கண்டார். ஓர்த்தோகுரோமாட்டிக் எனப்படும் அந்த வகைப் பிலிம் சிவப்பை மட்டும் காணாது. எல்லா நிறமும் பதியும் பன்குரோமாட்டிக் தட்டுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் பழைய வகை பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்தபடி கழுவலாம் என்பதால் சிறு ஸ்ரூடியோக்களுக்கு அது வசதியாக இருந்தது.

ஆகவே ஒரே மதில் ஒரு படத்தில் கறுப்புப் பட்டையோடும் இன்னொரு படத்தில் மெல்லிய சாம்பல் பட்டையோடும் தோன்றலாம். மதிலுக்கு நிறம் மாற்றினார்கள் என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. மனிதத் தோலுக்கும் இதே கதைதான். நமது மாநிறத் தோல் நீல ஒளியைக் குறைவாகவும் சிவப்பைக் கூடுதலாகவும் தெறிக்கச் செய்கிறது. நீலத்தை மட்டும் கண்ட பூச்சு நம் முன்னோர்களை அவர்கள் இருந்ததைவிடக் கருமையாகவே பதிவு செய்தது. குங்குமப் பொட்டும் வெற்றிலை போட்ட வாயும் கறுத்துப்போயின. பழைய படத்தில் இருக்கும் முகங்களை 'வெளுப்பாக்கும்' ஆசை சிலருக்கு வருகிறது. அதைவிட அந்தக் கருமை எங்கிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது.

டிஜிட்டல் கமராவில் என்ன நடக்கிறது? அதன் உணரிக்கு நிறமே தெரியாது. விழுந்த ஒளித்துகள்களை எண்ணுவது மட்டும்தான் அதன் வேலை. 1976இல் கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிறக்கண்ணாடி வைக்கப்படுகிறது. நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து விடுபட்ட நிறங்களைக் கணினி நிரப்புகிறது. நிறக்கண்ணாடியே இல்லாமல் கறுப்பு வெள்ளைக்கென்று மட்டும் செய்த கமராவும் உண்டு. லைக்கா நிறுவனம் 2012இல் அப்படியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற எல்லாக் கமராக்களிலும் கறுப்பு வெள்ளை என்பது வண்ணப் படத்திலிருந்து பின்னால் கணக்கிட்டுப் பெறுவதுதான்.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. பொதுவான சூத்திரம், சிவப்பு மதிப்பில் 29.9 விழுக்காடு, பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 எடுத்துக் கூட்டுகிறது. மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் கூர்மை அதிகம் என்பதால் அதற்குப் பெரிய பங்கு. 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில், மதிலின் செங்காவி சிவப்பு 170, பச்சை 70, நீலம் 50 என்று பதிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி அதன் சாம்பல் மதிப்பு 98. மதிலருகே நிற்கும் வில்வத்தின் இலை சிவப்பு 70, பச்சை 120, நீலம் 40 என்றால் அதன் மதிப்பு 96. கண்ணுக்குத் தெளிவாகப் பிரிந்து தெரிந்த இலையும் மதிலும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்கின்றன. சிவப்புப் பதிவை மட்டும் எடுத்தால் மதில் 170, இலை 70, உடனே பிரிந்துவிடும். கைபேசிச் செயலியில் 'கறுப்பு வெள்ளை' என்ற பொத்தானை அழுத்தியதும் படம் சப்பென்று போவதற்கு இதுவே காரணம். அங்கே ஒரே சூத்திரம் எல்லாப் படத்துக்கும் ஓடுகிறது. டார்க்டேபிள், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் மூன்று நிறப் பதிவுகளின் பங்கையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். சிவப்பின் பங்கைக் கூட்டினால் மன்னார்க் கடற்கரையின் நீல வானம் கறுத்து, வெண்முகில் மேலெழும். அந்தக் காலத்தில் லென்சின் முன் சிவப்புக் கண்ணாடி வைத்துப் பெற்ற விளைவு இது.

இந்தச் சூத்திரத்தைப் பின்னோக்கி ஓட்ட முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 98 என்ற சாம்பல் செங்காவியிலிருந்தும் வரலாம், கரும்பச்சைச் சேலையிலிருந்தும் வரலாம். எண்ணற்ற நிறங்கள் ஒரே சாம்பலில் முடிகின்றன. வண்ணம் பூசும் செயற்கை நுண்ணறிவு, தான் பார்த்துப் பழகிய இலட்சக்கணக்கான படங்களைக் கொண்டு ஊகிக்கிறது. அந்தப் படங்களில் கேதீச்சரக் கோயில் எத்தனை இருந்திருக்கும்? முகத்தைக் 'கூர்மையாக்கும்' செயலி இன்னும் ஆபத்தானது. கூட்டத்தில் 20 பிக்சல் அகலத்தில் இருக்கும் ஒரு முகத்தில் கண்ணிமைக்கான தகவலே கிடையாது. செயலி தானாக ஒரு கண்ணை வரைகிறது. அப்படி வரும் முகம் யாருடைய தாத்தாவும் அல்ல. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக வண்ணம் பூசிக்கொள்வது அவரவர் விருப்பம். அதன் மேல் 'வண்ணம் ஊகம்' என்று எழுதாமல் ஊருக்கு அனுப்புவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

திருத்துவதில் எது நேர்மையான வேலை? காலமும் காலநிலையும் படத்துக்குச் செய்த கெடுதலைக் குறைப்பது நேர்மையான வேலை. கடலோரத்தில் அந்தக் கெடுதல் அதிகம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கருமை, ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள். ஈரக்காற்றும் அதிலுள்ள வாயுக்களும் வெள்ளியை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. படத்தைச் சாய்த்துப் பார்த்தால் கரும்பகுதிகளில் பளபளவென்று நீலங்கலந்த வெள்ளிப் படலம் தெரியும். வெளுத்த பகுதிகள் பழுப்பேறும். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. ஆகவே பூஞ்சணத்துக்கு அது நல்ல உணவு. அசிற்றேற்றுப் பிலிமில் எடுத்த நெகடிவ்கள் வினாகிரி மணம் வீசிச் சுருங்கத் தொடங்கினால் அதற்குப் பின் திரும்பி வராது. அப்படி மணக்கும் பெட்டி உங்களிடம் இருந்தால் மற்ற நெகடிவ்களிலிருந்து அதை உடனே பிரித்து, முதலில் அதை ஸ்கான் செய்யுங்கள்.

பழுப்பேறிய கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தில் ஸ்கான் செய்யவேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும் காரணம் எளிது. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும். சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பும். எனவே தேநீர் சிந்திய கறை நீலப் பதிவில் கறுப்பாகத் தெரியும், சிவப்புப் பதிவில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். சிவப்புப் பதிவை மட்டும் எடுத்தால் தூரிகை வைக்காமலே கறை நீங்கிவிடுகிறது. மறுபுறம், படத்தின் வெள்ளியே பழுப்பாக மங்கிப்போயிருந்தால், அந்த மங்கல் உருவம் நீலப் பதிவில்தான் பலமாக இருக்கும். அங்கே நீலத்தை எடுக்க வேண்டும். சாம்பலில் மட்டும் ஸ்கான் செய்தவருக்கு இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடும்.

ஸ்கானரில் இன்னொரு தெரிவு உண்டு. 8 பிட்டில் சாம்பலுக்கு 256 படிகள். 16 பிட்டில் 65,536. மங்கிய படமொன்று 90க்கும் 170க்கும் இடையில் மட்டும் பதிந்திருக்கிறது என்றால் அதில் 81 படிகள்தான் உள்ளன. அதை 0 முதல் 255 வரை இழுத்தால் இடையிடையே வெற்றிடம் விழும்; மென்மையாக மாறவேண்டிய வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றும். 16 பிட்டில் அதே பகுதிக்கு 20,000க்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. 4 அங்குலம் 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்தால் 86 இலட்சம் பிக்சல் வரும். 16 பிட் வண்ணத்தில் அது ஏறத்தாழ 52 மெகாபைட். இன்றைய நினைவக விலையில் இது பெரிய சுமையல்ல.

கும்பாபிஷேக மலர்களில் அச்சான படங்கள் தனி இனம். மூலப்படம் தொலைந்து, மலரின் பக்கத்தில் மட்டும் தப்பியவை நிறைய உண்டு. அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் என்ற ஒன்று கிடையாது. சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகளால்தான் சாம்பல்போலக் காட்டும். அந்தப் புள்ளி வலையும் ஸ்கானரின் பிக்சல் வலையும் மோதும்போது அலைஅலையான கோலம் ஒன்று முளைக்கிறது. கூடிய தெளிவில் ஸ்கான் செய்து, புள்ளிகளைப் பிறகு மென்மையாகக் கலைப்பதே வழி. புள்ளிகளுக்கு இடையில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

படம் சாட்சியமாக நிற்பதற்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எடுத்துக்காட்டு கிடக்கிறது. மாந்தை என்னும் பழைய துறைமுக நகரத்தின் மேட்டில் 1980க்கும் 1984க்கும் இடையில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில், இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தோடு சேர்ந்து அகழாய்வு நடந்தது. போர் அதை நிறுத்தியது. கார்ஸ்வெல், சிரான் தெரணியகல உள்ளிட்டோரின் முழு அறிக்கை நூலாக வந்தது 2013இல். அகழ்வு என்பது திரும்பச் செய்யமுடியாத வேலை. தோண்டிய அடுக்கு அத்தோடு போய்விடுகிறது. இடையில் கழிந்த அத்தனை ஆண்டுகளும் குறிப்பேடு, வரைபடம், கண்டெடுத்த பொருள், படம் ஆகியவற்றுக்குள்தான் அந்தக் குழி இருந்தது.

தொல்லியலாளர்கள் அண்மைக் காலம் வரை கறுப்பு வெள்ளைப் பிலிமை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சியல்ல. வண்ணப் பிலிமின் சாயம் சில பத்தாண்டுகளில் வெளிறும். முறையாகக் கழுவிய வெள்ளிப் படம் நூறாண்டு தாண்டும். படத்துக்குள் அளவுகோல், வடக்கைக் காட்டும் அம்பு, குழியின் எண் எழுதிய பலகை ஆகியவற்றை வைத்தே எடுப்பார்கள். மண்ணடுக்கின் வேறுபாடு துலங்கத் தண்ணீர் தெளித்துவிட்டு எடுப்பதும் உண்டு. இப்படி எடுத்த படத்தில் கணினியில் மாறுபாட்டைக் கண்டபடி கூட்டினால், ஈரம் காயாத ஓர் ஓரம் புதிய அடுக்கின் கோடாகத் தோன்றலாம்; செங்கல் இடிபாடும் சாம்பல் மண்ணும் ஒரே நிறமாகிக் கலந்தும் போகலாம். வரலாற்றில் ஒரு நூற்றாண்டு அந்தக் கோட்டில் கூடவோ குறையவோ முடியும். இங்கேதான் திருத்தம் பற்றிய முதல் விதி பிறக்கிறது: மூலக்கோப்பைத் தொடாதே; செய்த மாற்றத்தை எழுதி வை.

கோயில் வழக்கிலேயே இதைச் சொல்லலாம். மூலவர் கருவறையை விட்டு வருவதில்லை. வீதிவலம் வருபவர் உற்சவர். ஸ்கானரிலோ கமராவிலோ இருந்து வந்த முதற் கோப்பு மூலவர். அதை ரிஃப் வடிவிலோ கமராவின் ரோ வடிவிலோ ஒரு கோப்புறையில் வைத்து, அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டிவிட வேண்டும். திருத்தமெல்லாம் பிரதியில். டார்க்டேபிள் போன்றவை மூலத்தை மாற்றாமல், 'வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இந்த மூலையைக் கருமையாக்கு' என்ற கட்டளைகளைப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பாக எழுதி வைக்கின்றன. அந்தச் சிறு கோப்பே என்ன செய்தோம் என்பதற்குச் சான்று. பகிர்வதற்கென்று சிறிய ஜேபெக் பிரதி ஒன்று போதும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் படாது என்று நினைக்கும் விவரங்களை வீசிவிடுகிறது. திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது இன்னும் வீசுகிறது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு உள்ளே எழுதியிருக்கும் திகதி, இடம் முதலிய தகவல்களையும் கழற்றிவிடுகிறது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும்.

இன்று படமெடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். நடுப்பகல் மன்னார் வெயிலில் வெள்ளை வேட்டியும் கருங்கல் மண்டபத்தின் உள்நிழலும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் உணரிக்குத் திண்டாட்டம்தான். 12 பிட் ரோ கோப்பில் மொத்தம் 4,096 படிகள். அவற்றில் பாதி, 2,048 படிகள், மிகப் பிரகாசமான பகுதிக்கே போகின்றன, வெளிச்சம் பாதியான அடுத்த பகுதிக்கு 1,024, அதற்கடுத்ததற்கு 512. இருண்ட மூலைக்குக் கிடைப்பது ஒரு சில படிகள். நிழலைப் பின்னர் கணினியில் தூக்கும்போது மணல்மணலாகத் தெரிவது இதனால்தான். அதற்காக வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தால் வேட்டி உச்சப் படியில் முட்டி நின்றுவிடும். முட்டியதை எந்தத் திருத்தமும் மீட்காது. வெள்ளை முட்டாத எல்லை வரை வெளிச்சத்தைக் கூட்டுவது, நிழலைப் பிறகு அளவோடு தூக்குவது, இதுதான் நடுவழி. கமராவின் பின்திரையில் மலைபோலத் தெரியும் ஹிஸ்டோகிராம் இதற்குத்தான். வலது ஓரத்தில் அது சுவரேறி நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மகாசிவராத்திரி இரவு வேறு பாடம். பாலாவித் தீர்த்தத்திலிருந்து குடங்களில் நீரெடுத்து வந்து அடியார்கள் தம் கையாலேயே லிங்கத்துக்கு வார்க்கும் காட்சியை எடுக்காதவர் இல்லை. எண்ணெய் விளக்கின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் மிக அற்பம். நீலப் பதிவு வெறும் இரைச்சலாகவே இருக்கும். விளக்கொளியும் மின்குமிழும் கலந்து முகங்களை மஞ்சளும் பச்சையுமாக்கிய அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது நல்ல முடிவு. மாற்றும்போது சிவப்பும் பச்சையும் மட்டும் இருக்கட்டும்; நீலத்தைப் பூச்சியமாக்கிவிடுங்கள். மணல் குறையும்.

அடுக்குவது பற்றிப் பலருக்கு அலட்சியம் உண்டு. ஆனால் திருத்தாத படத்தால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. பெயரில்லாத படம் ஒரு தலைமுறை தாண்டினால் யாருக்கும் உதவாது. இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் அடுக்கும் வேலையையே செய்யச் சொல்வேன்.

முதற் பொறி திகதி. ஸ்கான் செய்த படத்துக்குள் கணினி எழுதும் திகதி ஸ்கான் செய்த நாள். 1950களின் திருப்பணிப் படம் 2024க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். எடுத்த திகதியை நாமே எழுத வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். 1950களில் எந்த ஆண்டு என்று தெரியாவிட்டால் 1955 என்று ஊகித்து எழுதுவது தீங்கு; ஊகம் நாளடைவில் உண்மையாகிவிடும். தெரியாத இலக்கத்துக்குப் பதிலாக ஒரு குறியிடும் முறையை 2019இல் வந்த அனைத்துலகத் திகதித் தரமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதோடு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்: படத்தின் பின்புற முத்திரையா, கும்பாபிஷேக மலரா, பெரியம்மா சொன்னதா.

அடுத்தது பெயர். ஒருவர் திருக்கேதீஸ்வரம் என்று எழுதுகிறார், ஒருவர் திருக்கேதீச்சரம் என்கிறார், தொல்லியலார் மாந்தை என்கிறார்கள், இலக்கியத்தில் மாதோட்டம். தேடுகிறவர் எதைத் தட்டினாலும் படம் அகப்பட வேண்டுமென்றால் குறிச்சொற்களில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். தமிழில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலுக்கு இரண்டும் வேறு. 'கோபுரம்' என்று தேடினால் கோபுரப் படங்களில் பாதி வராமல் போவது இதனால் நடக்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய விளக்கங்கள் இன்னும் மோசம்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். அவற்றை யுனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உள்ளன. இன்றே செய்யத்தக்க வேலை.

விளக்கத்தைத் தனித் தாளில் எழுதினால் தாள் தொலையும். படக்கோப்புக்குள்ளேயே தலைப்பு, விளக்கம், எடுத்தவர், கொடுத்தவர் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் அவற்றில் தமிழிலேயே எழுதலாம். படத்தை யாருக்குக் கொடுத்தாலும் விளக்கமும் கூடவே போகும். ஆனால் பெயரை எழுதி வைப்பது வேறு, ஊரறிய வெளியிடுவது வேறு. போர்க்காலப் படங்களில் இருப்பவர்கள் இன்றும் அஞ்சி வாழலாம். அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ கேட்காமல் பொதுவெளியில் போடக்கூடாது.

வகைப்படுத்துவதற்கு முன்மாதிரி தேடினால் புதுச்சேரிக்குப் போகலாம். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர், கோயில், சிற்பம் என்ற ஒழுங்கு இருப்பதால்தான் சிலை திருட்டு வழக்குகளில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சான்றாக நின்று, வெளிநாட்டுக்குப் போன திருமேனிகள் ஊர் திரும்ப உதவியிருக்கின்றன. மாறான கதை கொழும்பில். இலங்கையின் தலைசிறந்த கறுப்பு வெள்ளைக் கலைஞரான லயனல் வெண்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்டு வைத்த படங்கள் மட்டுமே மிஞ்சின.

அழிவை நாம் நன்றாக அறிந்தவர்கள். 1964 திசெம்பர்ச் சூறாவளி மன்னார்க் கரையைப் புரட்டியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரே இடத்தில் வைத்த எதுவும் பாதுகாப்பில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி இதற்கு மருந்து: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு ஊரில். வன்தட்டும் காலப்போக்கில் தானாகவே பிழைவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்னும் கணக்கின்படி 64 எழுத்துக் கொண்ட ஒரு கைரேகை எடுத்து வைத்தால், ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் காத்துவருகிறது. படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் அதன் ஆவணகம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் வீடும் நல்ல மூன்றாம் இடம்தான்.

உங்கள் வீட்டு அலுமாரியில் கேதீச்சரத்தின் பழைய படம் ஒன்று இருந்தால், ஆல்பத்திலிருந்து அதைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கான் செய்யுங்கள். தனிப்படமென்றால் பின்புறத்தையும் ஸ்கான் செய்யுங்கள்; ஸ்ரூடியோவின் முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். பிறகு வீட்டில் மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள். கறையை அடுத்த வருடமும் நீக்கலாம். பெயர்களை இப்போதே கேட்டுவிடுங்கள்.